சாரணர் ‘சட்டம்’ அல்ல, சாரணர் நெறி

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சாரணர் உறுதியேற்பு விழாவுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் உறுதிமொழி சொல்லி முடித்தார்கள். தாத்தா பாட்டிகளுக்கும் புரியட்டும் என்று யாரோ தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். டர்பனில் இன்று தமிழில் ஒரு தாள் அச்சாவதே பெரிய விஷயம். ஆனால் தலைப்பைப் பார்த்ததும் மனம் சுருங்கிவிட்டது. ‘சாரணர் சட்டம்’. ஆங்கில ‘ஸ்கவுட் லா’வைத் தமிழாக்கியிருக்கிறார்கள். கீழே பத்து வரிகள், பத்தும் ‘வேண்டும்’ என்றே முடிந்தன. நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டும், விசுவாசமாக இருக்க வேண்டும், கடைசியில் ‘சாரணர் சுத்தமாக இருக்க வேண்டும்’. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா தாளைப் படித்துவிட்டு, “இது என்னப்பா, பள்ளிக்கூட ரூல்ஸா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

இந்தச் ‘சாரணர் சட்டம்’ எனக்குப் புதிதல்ல. பல வருடங்களாகப் பல மேடைகளில் கேட்டு வருகிறேன். இனியும் சும்மா இருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ‘சாரணர்’. இந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. ஆங்கிலத்தில் ‘ஸ்கவுட்’ என்பது ‘காது கொடுத்துக் கேட்பவன்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; படைக்கு முன்னே போய் நிலவரம் அறிந்து வருபவன். தமிழில் அந்த வேலைக்கு ‘ஒற்று’ என்ற நல்ல சொல் உண்டு, திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை ஒற்றன் என்று யார் அழைப்பார்கள்? ‘சாரணர்’ வடமொழி வழி வந்த சொல். திரிந்து செல்பவர் என்பது அதன் அடிப்பொருள். ஒற்றர் என்ற பொருளும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடக்கும்போது வழியில் வந்து அறம் சொல்லும் சமண முனிவர்களுக்கும் சாரணர் என்றே பெயர். ஊர் சுற்றுவதும் நல்லது சொல்வதும் ஒரே சொல்லில் அமைந்துவிட்டன. அது இருக்கட்டும்.

சிக்கல் இரண்டாவது சொல்லில்தான். ஆங்கிலத்தில் ‘லா’ என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. நீதிமன்றத்தில் இருப்பதும் ‘லா’, நியூட்டன் சொன்னதும் ‘லா’, மதநூல் சொல்வதும் ‘லா’. தமிழில் நாம் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்லை. நீதிமன்றத்துக்குச் சட்டம், இயற்பியலுக்கு விதி, ஒழுக்கத்துக்கு அறம், நெறி. மொழிபெயர்ப்பவர் இதில் எது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் அகராதியில் முதலில் இருந்ததை எடுத்துவிட்டார்.

‘சட்டம்’ என்பதற்கு மரச்சட்டம், படச்சட்டம் என்ற பொருள் இன்றும் வழக்கில் இருக்கிறது. வெளியே நின்று உள்ளே இருப்பதைப் பிடித்து வைப்பது சட்டம். அரசின் சட்டத்துக்கும் அதே குணம்தான். மீறினால் தண்டனை, மீறாவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. சாரணர்க்குரிய பத்து வரிகளில் தண்டனை எங்கே இருக்கிறது? எட்டாவது வரி, எவ்வளவு கஷ்டத்திலும் சாரணர் சிரித்துக்கொண்டு சீட்டியடிப்பார் என்கிறது. சீட்டியடிக்காதவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? ஆறாவது, விலங்குகளுக்கு நண்பர் என்கிறது. நட்பைச் சட்டம் போட்டு வாங்க முடியுமா?

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நாம் இருக்கும் நாடு. வேறு எங்காவது இருக்கும் தமிழருக்குச் ‘சட்டம்’ ஒரு சாதாரணச் சொல்லாக இருக்கலாம். தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு அப்படி இல்லை. 1950இல் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால்தான் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் மாமரம் வைத்து, கோயில் கட்டி வாழ்ந்த குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு மூட்டை கட்டின. ஒப்பந்தம் முடிந்த கூலித் தொழிலாளியிடம் தலைக்கு மூன்று பவுன் வரி கேட்டதும் சட்டம்தான். ஜோகனஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை அந்த வரிக்கும், இந்திய முறைத் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்புக்கும் எதிராக 1913இல் சிறைக்குப் போனாள். மாரிட்ஸ்பர்க் சிறையில் நோய் பிடித்து, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. இன்று சாரணர் சீருடை போடும் பிள்ளையின் வயது. அவள் மீறியது சட்டம். அவள் காத்தது எது? அதற்கும் சட்டம் என்றே பெயர் சொல்வோமா?

சாரணர் இயக்கமும் இந்த வலியிலிருந்து தப்பவில்லை. நான் 1960களில் இருந்த குழுவில் இந்தியப் பிள்ளைகள் மட்டும்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஓர் அமைப்பு, ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ‘பாத்ஃபைண்டர்’ என்று தொடங்கிய இன்னொன்று, இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் தனித்தனி. எல்லாம் ஒன்றானது 1977இல். அதுவரை ஒவ்வொரு கூட்டத்திலும் நாங்கள் நாலாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தோம்: சாரணர் எல்லாருக்கும் நண்பர், மற்ற எல்லாச் சாரணர்க்கும் சகோதரர். நாட்டின் சட்டம் ஒரு பக்கம் இழுத்தது, இந்த வரி இன்னொரு பக்கம் இழுத்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது பிள்ளைகளைக் குழப்புவது மட்டும் இல்லை, அநியாயமும்கூட.

சரி, ‘சாரணர் விதி’ என்று சொல்லலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் அறிவியல் ஆசிரியர், அதனால் அவருக்கு அந்த ஆசை. அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. மூலத்தில் அந்த வரிகள் கட்டளையாக எழுதப்படவில்லை. ‘சாரணர் விசுவாசமானவர்’ என்று, கல் கீழே விழும் என்று சொல்வது போலவே, உள்ளதை உள்ளபடி கூறும் வாக்கியங்கள் அவை. ஆனால் கல்லுக்கு வேறு வழி கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு முகாமில் திசை பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். டர்பன் வானத்தில் துருவ நட்சத்திரம் தெரியாது. தென் சிலுவை என்ற விண்மீன் கூட்டத்தின் நீண்ட அச்சை நாலரை மடங்கு நீட்டி, அங்கிருந்து நேராகக் கீழே இறங்கினால் தெற்கு. இது எந்தப் பிள்ளை பார்த்தாலும் மாறாது, நல்லவன் பார்த்தாலும் கெட்டவன் பார்த்தாலும் அதே தெற்கு. திசைகாட்டியின் முள் வடக்கைக் காட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதில்லை. அது விதி. பிள்ளை யோசிப்பான். பொய் சொல்ல வாய்ப்பு இருந்தும் சொல்லாமல் இருப்பான். அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் ஒழுக்கம் என்ற பேச்சே இல்லை. தெற்கு எங்கே என்று அறிவியல் காட்டும். போகலாமா என்று அதனிடம் கேட்க முடியாது. அப்புறம் இன்னொன்று, ‘விதி’ என்றவுடன் நம் வீடுகளில் தலைவிதிதான் ஞாபகத்துக்கு வரும். ‘சாரணர் விதி’ என்றால் பெரியம்மா பாவம் என்று தலையில் கைவைத்துக்கொள்வார்.

கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த யோசனை ‘சாரணர் கட்டளைகள்’. பத்து வரி இருப்பதால் பத்துக் கட்டளைகள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் 1908இல் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் எழுதியபோது அவை ஒன்பதுதான். தூய்மையைப் பற்றிய பத்தாவது 1911இல் சேர்ந்தது. எண் தற்செயல். வாக்கிய அமைப்பும் வேறு. தமிழ் வேதாகமத்தில் ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்று முன்னிலையில் ஏவுகிறது. ஏவுபவர் மேலே இருக்கிறார், கேட்பவன் கீழே நிற்கிறான். மதத்தில் அதற்கு இடம் உண்டு, நான் அதை மதிக்கிறேன். சாரணர் வரிகளில் ஏவுபவர் யாரும் இல்லை. இப்படி இருப்பவரே சாரணர் என்று காட்டுகின்றன, அவ்வளவுதான்.

‘சாரணர் தர்மம்’ என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆழமான சொல்தான். ஆனால் பேச்சில் தர்மம் என்றால் இங்கே பிச்சை போடுவது. தவிர, அந்தச் சொல்லில் விபூதி வாசனை இருக்கிறது. எங்கள் குழுக்களில் இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே கூடாரத்தில் படுக்கிறார்கள். கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று உறுதிமொழியில் வருகிறது. எந்தக் கடவுள் என்று அது கேட்பதில்லை. காட்டையும் விலங்குகளையும் வானத்தையும் உற்றுப் பார்ப்பது கடவுளை அறிய ஒரு வழி என்று பேடன்-பவல் பலமுறை எழுதினார். ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமான சொல் அதற்குப் பொருந்தாது.

ஆகவே நெறி. நெறி என்றால் முதலில் வழி, பாதை. பிறகுதான் ஒழுக்கம். புறநானூற்றின் 195ஆம் பாட்டு, நல்லது செய்ய முடியாவிட்டாலும் கெட்டது செய்யாமல் இருங்கள், ‘நல்லாற்றுப் படூஉம் நெறியுமார் அதுவே’ என்கிறது. நல்ல வழியில் சேர்க்கும் பாதையும் அதுதான் என்று பொருள். இரண்டாயிரம் வருடமாகப் பாதையும் ஒழுக்கமும் இந்தச் சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. சாரணரின் தொழிலே பாதை பார்ப்பதுதானே? கல்லை அடுக்கி, குச்சியை வளைத்து, பின்னால் வருபவருக்கு வழி காட்டும் குறிகள் வைப்பது முதல் பாடம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தால் ‘வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்று அர்த்தம். பேடன்-பவல் 1941இல் கென்யாவில் இறந்தபோது நையேரியில் அவர் கல்லறையில் பொறித்ததும் அந்தக் குறியைத்தான். வாழ்க்கையையே ஒரு நடையாகப் பார்த்த இயக்கத்துக்கு, பாதை என்று பொருள்படும் சொல்லைவிட எது பொருந்தும்?

ஒரே ஒரு மறுப்பைத்தான் நான் ஏற்றுக்கொள்கிறேன். நம் பேச்சில் ற, ர வித்தியாசம் போய்விட்டது. வார இறுதித் தமிழ் வகுப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு ‘நெறி’யும், நசுக்கு என்று பொருள்படும் ‘நெரி’யும் ஒன்றுதான். ‘நெறி’க்கே வேறு பொருளும் உண்டு, என் பாட்டி ‘நெறி கட்டியிருக்கு’ என்று சொன்னது தொடை இடுக்கில் வரும் வீக்கத்தை. ஆனால் அதற்காகச் சொல்லையே விட்டுவிடுவதா? ஒரு வகுப்பில் பத்து நிமிடம் போதும், பலகையில் இரண்டு எழுத்தையும் எழுதிக் காட்ட.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு இருக்கும் வருத்தம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. தலைப்பில் சட்டம் என்று போட்டவுடன், அடுத்தடுத்த வரிகள் தாமாகவே ‘வேண்டும்’ என்று விறைத்துக்கொண்டன. மூலத்தின் பத்து வரிகளிலும் அது இல்லை. ‘சாரணர் சுத்தமாக இருக்க வேண்டும்’ என்று படித்த பிள்ளை குளித்துவிட்டு வந்தால் சரி என்றுதான் நினைப்பான். அங்கே பேசப்படுவது எண்ணத்தின், சொல்லின், செயலின் தூய்மை. ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல்’ என்று வள்ளுவர் நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை விட்டுவிட்டுச் சோப்பு விளம்பரம் போல எழுதுகிறோம். ‘சிக்கனமானவர்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பணத்தைச் செலவழிக்கக் கூடாது’ என்று இன்னொரு தாளில் பார்த்தேன். தமிழ் தெரியாததால் வரும் பிழைகள் அல்ல இவை. எழுதுவதற்கு முன் அந்த வரி என்ன சொல்கிறது என்று ஒருமுறை தமிழில் நினைத்துப் பார்க்காததால் வருபவை.

விழா முடிந்ததும் அந்தத் தாளைத் தயாரித்தவரிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார், அடுத்த முறை ‘சாரணர் நெறி’ என்று போடுவதாகச் சொன்னார். தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது என்று, அவருக்காகப் பத்து வரிகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் வரி ‘சாரணர் சொல் நம்பத் தகுந்தது’. நாலாவது ‘சாரணர் எல்லாருக்கும் நண்பர், சாரணர்க்குச் சாரணர் உடன்பிறப்பு’. பத்தாவது ‘சாரணர் எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் தூயவர்’. ‘வேண்டும்’ ஒன்றுகூட இல்லை.