காண்டாக்ட்லெஸ் அட்டை: எந்தத் தொடுகை இல்லை?

பேருந்தில் ஏறியதும் வாயிலருகே உள்ள கருவியின் மீது வங்கி அட்டையை ஒருகணம் வைத்து எடுத்துவிட்டு இருக்கைக்குச் செல்லும் பழக்கம் உலகின் பல நகரங்களில் வந்துவிட்டது. 'காண்டாக்ட்லெஸ்' எனப்படும் அந்த அட்டையைத் தமிழில் தொடர்பற்ற அட்டை, தொடா அட்டை, தொடுகையிலா அட்டை என்று பலவாறு பெயர்க்கலாம். இவற்றுள் எது பொருந்தும் என்பது, மூலச்சொல் எந்தத் தொடுகையை மறுக்கிறது என்பதைப் பொறுத்தது.

'காண்டாக்ட்' என்பது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'கூட' என்று பொருள்படும் 'கொன்' என்னும் முன்னொட்டும், 'தொடு' என்று பொருள்படும் 'தாங்கெரெ' என்னும் வினையும் சேர்ந்தே அதன் மூலம் அமைந்தது. பின்னால் நிற்கும் 'லெஸ்' விகுதியைக் 'குறைவான' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லோடு குழப்பிக்கொள்வது எளிது. ஆனால், இது 'நீங்கிய', 'இல்லாத' என்று பொருள்பட்ட வேறொரு பழஞ்சொல்லின் வழிவந்தது. ஆகவே, தொடுகை குறைந்த அட்டை அன்று, தொடுகையே இல்லாத அட்டை.

அந்தத் தொடுகை மனிதக் கையைப் பற்றியதன்று. அட்டையின் முகப்பில் பொன்னிறத்தில் தெரியும் சிறு தகடு, பல உலோகப் பரப்புகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டையைக் கருவிக்குள் செருகினால் அப்பரப்புகள் கருவியின் உலோக முனைகளோடு பொருந்தி மின்சாரமும் தரவும் கடந்து செல்ல வழிவிடும். மின்னியலில் 'காண்டாக்ட்' எனப்படுவது இந்த உலோகப் பொருத்தமே. காண்டாக்ட்லெஸ் முறையில் அதற்கு வேலையில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கருவி உண்டாக்கும் காந்தப்புலம், அட்டைக்குள் புதைந்திருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மின்கலம் இல்லாத சில்லு அந்த மின்னோட்டத்தாலேயே விழித்துக்கொண்டு, சில சென்டிமீட்டர் தொலைவிலிருந்தே கருவியோடு பேசுகிறது.

இங்கேதான் 'தொடர்பற்ற அட்டை' என்னும் பெயர்ப்பு இடறுகிறது. அட்டைக்கும் கருவிக்கும் இடையே நடப்பதே ஒரு தொடர்புதான். இல்லாதது தொடுகை மட்டுமே. அருகிலிருந்தே நடக்கும் இந்த அண்மைப்புலத் தொடர்பால் இயங்கும் ஒன்றைத் 'தொடர்பற்றது' என்றால் பெயரே பொருளை மறுத்துவிடும். 'தீண்டா' என்னும் அடைமொழியை எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிடலாம். தீண்டாமை என்னும் கொடுமையின் நினைவு அதை விட்டு அகலாது. 'தொடா அட்டை' சுருக்கமானது, ஆயினும் யாரும் தொடாத அட்டை என்றும் பொருள்படும். எனவே, 'தொடுகையிலா அட்டை' என்பதே தகும் என்பது என் துணிபு. இதிலுள்ள 'கை', வருகை, செய்கை போன்றவற்றில் வரும் தொழிற்பெயர் விகுதி. உடலின் உறுப்பு அன்று.

பெயரைவிட வினையே பயணிக்கு அதிகம் வேண்டியது. லண்டன் பேருந்துகள் 2012 டிசம்பரிலும், அந்நகரின் சுரங்க ரயில்கள் 2014 செப்டம்பரிலும் இவ்வகை வங்கி அட்டைகளை ஏற்கத் தொடங்கின. அங்குச் சுரங்க ரயில் பயணிக்குச் சொல்லப்படுவதோ, நிலையத்துள் நுழையும்போது 'தொடு', வெளியேறும்போது 'தொடு' என்பதே! தொடுகை தேவையில்லாத அட்டையைத் தொடச் சொல்வது முரணாகத் தோன்றினாலும், புலத்தின் எல்லை சிறிதாக இருப்பதால் மேலே வைத்துவிடுவதே பயணிக்குப் பாதுகாப்பான வழி. தமிழில் 'தட்டுங்கள்' என்றால் வேகமும் ஓசையும் உடன்வருகின்றன. தட்டிய வேகத்தில் அட்டையை எடுத்துவிட்டால் கருவியால் படிக்க முடியாமலும் போகலாம். மெல்லப் பொருத்தி, சற்று நிறுத்தி, எடுப்பதற்கு நம்மிடம் 'ஒற்று' என்னும் வினை உண்டு. கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்கிறோம். 'அட்டையை இங்கே ஒற்றுக' என்ற அறிவிப்பு தெளிவாகவே இருக்கும். ஆனால், 'ஒற்றி அட்டை' என்று பெயராக்கிவிடக் கூடாது. 'ஒற்றி' என்பதற்கு அடமானம் என்றும் பொருள் உண்டு, வங்கியின் பெயரோடு சேர்ந்தால் வீட்டை அடகு வைத்ததுபோல் ஒலிக்கும்.

ஒற்றும் அக்கணத்திலேயே கட்டணம் செலுத்தப்படுகிறது என்று கருதுவதும் எங்கும் சரியாகாது. போக்குவரத்து நிறுவனம் தானே வழங்கி, அதன் வண்டிகளில் மட்டும் செல்லும் அட்டை 'மூடிய வளையம்' எனப்படும். எந்த வங்கியின் அட்டையையும் ஏற்கும் முறை 'திறந்த வளையம்'. லண்டன் போன்ற திறந்த வளைய முறைகளில் ஒற்றுதல் என்பது இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்வதுதான். ஒரு நாளின் பதிவுகளைத் தொகுத்து, நாளுக்குரிய கட்டண உச்சவரம்பையும் பார்த்து, பிறகே வங்கியிடம் தொகை கேட்கப்படுகிறது. அதனால்தான், அட்டையை ஒற்றி உள்ளே சென்று, அதே அட்டை பதிந்த கைப்பேசியை ஒற்றி வெளியேறுபவர் அம்முறையின் கண்ணுக்கு இரண்டு பயணிகளாகத் தெரிகிறார்: ஒருவர் இன்னும் வெளியே வரவில்லை, மற்றவர் உள்ளே நுழையவே இல்லை.