பருமணல் ஏன் குவியலின் ஓரத்துக்கு ஓடுகிறது?

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் காய்ந்த மணலை ஒரே இடத்தில் கொட்டினால், ஓரத்தில் பருமணல் சேரும், நடுவில் பொடி தங்கும். ஒரே லோடுதான். ஓரத்து மணலையே அள்ளிச் சிமென்ட்டில் கலந்தால் டைல்ஸின் முதுகு பொரபொரவென்று ஆகும். நடுமணலோ கூடுதல் தண்ணீர் கேட்கும்.

பிரிப்பது எடை அல்ல, சந்து. சரியும்போது குவியலின் மேல்தோல் மட்டுமே ஓடுகிறது. அந்தத் தோலுக்குள் மணிகளுக்கிடையே சந்துகள் திறந்து திறந்து மூடுகின்றன. சின்னச் சந்துக்கே வாய்ப்பு அதிகம் என்பதால் பொடி கீழே நழுவுகிறது, பருமணி மேலே தள்ளப்படுகிறது. மேலடுக்குக்கு வேகமும் அதிகம். ஆகவே பருமணி அடிவாரம்வரை போகிறது, பொடி வழியிலேயே நின்றுவிடுகிறது. அசையாத குவியலில் பொடி தானாக வடிய, பருமணி சுமார் 6.5 மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். ஓட்டத்தில் 2 மடங்கே தாராளம்.

இதற்கு 1988-இல் சாவேஜ், லுன் என்ற ஆய்வாளர்கள் கணக்கு எழுதினார்கள். 2005-இல் கிரேயும் தார்ன்டனும் தந்த வடிவம் எளிது. பொடியின் பங்கு 'ப' என்றால், பிரியும் அளவு = நழுவும் வேகம் × ப × (1 − ப). முழுக்கப் பொடி, முழுக்கப் பரு இரண்டிலும் விடை பூஜ்யம்; இடம் மாற்றிக்கொள்ள எதிராளி இல்லையே. சரிபாதியில்தான் உச்சம்.

தோல் 1 செ.மீ., நழுவும் வேகம் நொடிக்கு 1 செ.மீ., ஓட்டம் நொடிக்கு 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழுதும் பிரிய 1 நொடி, அதாவது 50 செ.மீ. சரிவு போதும். பொடி எத்தனை பங்கு என்றாலும் இந்த நேரம் மாறாது என்பதுதான் இந்தக் கணக்கின் அழகு. நடைமுறையில் மோதல்கள் மணிகளை மறுபடி கலக்கும் என்பதால் எல்லைக்கோடு மங்கும். அதற்காக 2006-இல் கிரேயும் சுகுனோவும் இந்த மறுகலப்பைக் குறிக்கும் பரவல் உறுப்பு ஒன்றைச் சமன்பாட்டில் சேர்த்தார்கள்.

குவியலை உயரமாக எழுப்பாமல், மெல்லிய அடுக்குகளாகப் பரப்பிவிட்டு மேலிருந்து கீழாக வெட்டி அள்ளினால் கலவை ஓரளவு சீராகும். லேசாகத் தண்ணீர் தெளித்தாலும் மணிகள் ஒட்டி, பிரிவு அடங்கும். ஆனால் சாயத்தின் ஈரத்தை உறிஞ்ச மேலே தூவும் உலர்கலவைக்கு அது ஆகாது. அங்கே வெட்டி அள்ளுவதுதான் வழி.