பெட்டகத்தில் தங்கிய பழைய நிரல்

2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழையின் அறிவிப்பு, அப்பிழை இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தை, அதாவது இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யப் பிற நிரல்கள் பயன்படுத்தும் சி மொழி நிரல் தொகுப்பை, பலர் முதன்முறையாக வரிவரியாகப் படிக்கக் காரணமாயிற்று. அந்தப் பிழையைத் திருத்தச் சில வரிகளே போதுமாயிருந்தன. ஆனால் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் நூலகத்தின் தனி நகலொன்றைப் பிரித்தெடுத்து, லிப்ரேஎஸ்எஸ்எல் என்ற பெயரில் துப்புரவைத் தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 90,000 வரிகள் நீக்கப்பட்டன.

வி.எம்.எஸ்., பழைய மேக் ஓஎஸ், 16 பிட் விண்டோஸ் ஆகிய பழைய இயங்குதளங்களுக்கான பகுதிகள், 'இந்தப் பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் இதைச் சேர்' என்று சொல்லும் 'இஃப்டெஃப்' கட்டளைகளுக்குள் கிடந்தன. உரிய பெயர் வரையறுக்கப்படாதவரை, நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அப்பகுதிகளைத் தொடுவதில்லை. ஆகவே அவற்றில் பிழையிருந்தாலும் எச்சரிக்கை எழாது. படிப்பவரோ ஒவ்வொரு கிளையையும் மனத்தில் தாங்கியபடிதான் அடுத்த வரிக்குச் செல்ல முடியும். இவற்றை நீக்குவது எளிது: எந்தப் பெயர் வேண்டாம் என்று சொன்னால், 'யூனிஃப்டெஃப்' கருவி அதற்குரிய கிளையை மட்டும் வெட்டிவிடும்.

இயங்கிக்கொண்டிருக்கும் மிச்சமே உண்மையில் கடினமானது. சில கணினிகளில் நினைவக ஒதுக்கீடு மெதுவாக நடந்ததால், விடுவித்த இடையகங்களை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத் துண்டுகளை) இயங்குதளத்திடம் திருப்பித் தராமல் தானே வைத்திருந்து மறுபடி வழங்கும் பட்டியல் ஒன்றை ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டிருந்தது. விடுவித்த நினைவகத்தைத் தவறாகத் தொடும் நிரலை அம்பலப்படுத்த ஓப்பன்பிஎஸ்டியின் ஒதுக்கீட்டு முறையில் இருந்த காப்புகள் இதனால் பயனற்றுப்போயின. அந்தப் பட்டியலை அணைத்துப் பார்த்த ஓப்பன்பிஎஸ்டி நிரலர் டெட் உனாங்ஸ்ட், இணைப்புகள் முறிவதைக் கண்டார். படிக்கப்படாத தரவு உள்ளே இருக்கும்போதே ஓரிடத்தில் இடையகம் விடுவிக்கப்பட்டது. கடைசியாக வந்ததையே பட்டியல் முதலில் கொடுத்ததால், அதே இடையகம் தரவோடு திரும்பக் கிடைத்து, பிழை வெளியே தெரியாமல் இருந்தது. தேவையற்றுப்போன ஒரு வசதி, வேறொரு தவற்றுக்குத் தாங்குகோலாக நின்றிருக்கிறது. நீக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனைமுறை என்று நான் உறுதியாகக் கருதுவது இதனால்தான்.

எதை நீக்கலாம் என்று அறிவதும் எளிதல்ல. ஒரு கோப்புக்குள் மட்டும் புழங்கும் 'ஸ்டாட்டிக்' செயற்கூறை (பெயர் சொல்லி அழைக்கப்படும் நிரல்பகுதியை) யாரும் அழைக்கவில்லையெனில் கம்பைலரே எச்சரிக்கும். வெளியே அறிவிக்கப்பட்ட செயற்கூறை உலகில் எந்த நிரல் அழைக்கிறது என்பதை அது அறிய வழியில்லை. சமவாய்ப்பு எண்களுக்கு இயங்குதளமே ஏற்பாடு செய்யாத காலத்தில் பயன்பட்ட 'ரேண்ட்_ஈஜிடி' அப்படிப்பட்டது. லிப்ரேஎஸ்எஸ்எல் அதை நீக்கியபோது, அது இல்லாத நூலகத்தோடும் கம்பைல் ஆகும்படி பைத்தான் மொழியில் இந்நூலகத்தைப் பயன்படுத்தும் 'எஸ்எஸ்எல்' என்ற பகுதியையும் மாற்ற வேண்டியிருந்தது.