பட்டா இல்லாதவருக்குப் பத்து வட்டி

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டின் எண் 2.20 சதவீதம். 2019–21-க்கான கணக்கு அது. இந்தியா முழுமைக்கும் 14.96. இதைச் சொல்லி, வறுமையெல்லாம் வடக்கே இருக்கிறது என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கோடு சண்டை இல்லை. சமையல் எரிவாயு, கழிப்பறை, மின்சாரம், குடிநீர், பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கணக்கு என்று பன்னிரண்டு விஷயங்களைப் பார்த்து அந்த எண்ணை எடுக்கிறார்கள். முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கம் நான் கடன் ஆலோசனைக்குப் போகும் வீடுகளில் இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டில் கடன் என்று ஒன்று இல்லை. (2019-இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிந்தபோது கடையமும் ஆலங்குளமும் தென்காசிக்குப் போய்விட்டன. வட்டிக்குக் கொடுப்பவர்கள் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.)

கிராமக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வங்கிக்காரன் நான். இந்த வீடுகள் ஏன் எழுந்திருக்க முடியவில்லை என்று ஊரில் கேட்டால் மூன்று பதில்கள் வரும்: சோம்பல், குடி, வசதிக்கு மீறிய கல்யாணம். குடி உண்மைதான், அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கல்யாணச் செலவும் உண்மை. ஆனால் சோம்பல் என்று சொல்கிறவர் ஒரு நாள் பீடி சுற்றும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முந்தின இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறார்கள். விடிந்ததும் தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுகிறார்கள். பிறகு மடியில் சுளகு (முறம்), சுளகில் புகையிலைத் தூள். ஓர் இலையை எடுத்துத் தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்கி விடும் வரை கண் வேறெங்கும் போகாது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. இலையைக் கடையில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். அதில் ஓட்டையும் கிழிசலும் அதிகம் இருந்தால் எண்ணிக்கை தேறாது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கணக்கு ஒப்படைக்கும்போது சில பீடிகள் கழிவு என்று ஒதுக்கப்படும். அதற்குக் கூலி கிடையாது. ஆக, கூலியிலிருந்து ஒரு பகுதி வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது.

பீடித் தொழிலாளர்களுக்கென்றே 1966-இல் சட்டம் வந்தது. முக்கூடலில் அவர்களுக்கென மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. இத்தனையும் பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. மாமியார் பெயரிலோ பக்கத்து வீட்டு அக்கா பெயரிலோ இருக்கும் புத்தகத்துக்குச் சுற்றிக்கொடுக்கும் பெண்கள் ஏராளம். அவர்களுக்குக் கூலி மட்டும்தான்.

கடன் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு தாளைக் கொடுத்து நான்கு பத்தி போடச் சொல்வேன். யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, கட்டுவது எவ்வளவு, எப்போது முடியும். முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் மளமளவென்று நிரம்பும். தவணை நாள் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாம் பத்தியில்தான் பேனா நிற்கும். தண்டல் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய் என்றால் பெரும்பாலும் கையில் வருவது 8,500. மீதி 1,500 முன்பிடித்தம். அடுத்த நூறு நாள், நாளுக்கு நூறு ரூபாய். "ஆயிரத்தைந்நூறுதானே சார் வட்டி" என்பார்கள். அந்த 8,500 முழுசாக நூறு நாள் கையில் இருந்தால் அப்படிச் சொல்லலாம். முதல் நாள் மாலையிலிருந்தே அது திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறதே! முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய், பத்து வட்டி. "பத்து வட்டிக்கு வாங்குவாயா அம்மா?" என்று நேராகக் கேட்டால் பதறிப்போவார்கள், தண்டலுக்கு மட்டும் பதற்றம் இல்லை.

இதே ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. அங்கே பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. ஒரே தெருவில் ஒருவருக்குப் பணம் வட்டியில்லாமலும் இன்னொருவருக்குப் பத்து வட்டிக்கும் கிடைக்கிறது. இரண்டு பேரின் உழைப்பிலும் நாணயத்திலும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் பார்த்ததில்லை. வித்தியாசம் காகிதத்தில், பட்டாவில் இருக்கிறது.

நிலம் இருந்தும் பட்டா தாத்தா பெயரில் நிற்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். பெயர் மாற்ற இறப்புச் சான்று வேண்டும், வாரிசுச் சான்று வேண்டும், பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சித்தப்பா மும்பை தாராவியில் இருப்பார், ஓர் அத்தைக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. இருபது வருடம் அப்படியே போய்விடும்.

பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குப் பயிர் வைப்பவர் நிலை இன்னும் மோசம். குத்தகையைப் பதிவு செய்ய 1969-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று நிலக்காரருக்குப் பயம். கேட்டால் அடுத்த பூவுக்கு (சாகுபடிக்கு) நிலம் கிடைக்காது என்று பாட்டக்காரருக்குப் பயம். எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பயிர் மூழ்கினால் நிவாரணம், யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலைப் பார்த்து வருகிறது. அதில் பெயர் இல்லாதவர், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனோடு நிற்கிறார். தாமிரபரணிக் கால்வாய்களின் நஞ்சை தலைமுறை தலைமுறையாக யார் கையில் இருந்தது, யார் அதில் கூலிக்கு இறங்கினார்கள் என்பதைச் சாதியைத் தொடாமல் சொல்ல முடியாது. பட்டா இல்லாதவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பழைய வரிசைதான் திரும்ப வருகிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு குடும்பம் எப்படியோ ஓட்டிக்கொண்டு போகும். ஒரு நோய் வரும்வரை. நான்கு பத்தித் தாளில் மிகப் பெரிய தொகைக்கு எதிரே பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுதான் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டையை எடுத்து வைக்காமல், ஆள் படுத்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைகிறார்கள். கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்தால் அவர் கூலி நிற்கிறது. கூட இருந்து பார்க்கும் மனைவியின் பீடிக் கூலியும் நிற்கிறது. இந்த இரண்டாவது இழப்பை எந்தக் காப்பீடும் ஈடுகட்டுவதில்லை. அந்த வாரம்தான் தண்டல்காரர் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பார். "நேரத்துக்குக் கிடைத்ததே சார்" என்று அந்தப் பெண் சொல்லும்போது நான் வட்டிக் கணக்குப் பேச முடியாது.

கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் வந்து பதினான்கு ஆண்டுக்குப் பின், 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தது. எழுதாத புரோநோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வதற்கு அதுதான் காரணம். போட்டுவிட்டீர்கள் என்றால் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் தேதியோடு குறிப்பு வையுங்கள். புகார் கொடுக்கும்போது கையில் அதுவாவது இருக்கும்.

குழுக் கடன் தருகிற சிறுகடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகும்படி ஒரு குடும்பத்துக்குக் கடன் தரக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து உட்காருகிறவரிடம் இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கடனை அடைக்கும்போது சத்தம் போடுகிறவரை முதலில் முடிக்காதீர்கள். வட்டி அதிகமானதை முதலில் முடியுங்கள். கம்மலை மூன்று வட்டிக்கு அடகு வைத்திருந்தால் அதை மீட்டுக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வைத்தாலே மாதத் தவணையில் மூச்சு விடலாம். பீடிப் பாஸ் புத்தகத்திலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வைப்பு நிதிப் பணம் எடுப்பதில் சிக்கல் வரலாம். பட்டா தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்ற இ-சேவை மையத்தில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கொரு முறை தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும்போதும் மனு வாங்குவார்கள். இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் அதற்கு முன்பே எடுத்து வையுங்கள். தாராவிச் சித்தப்பா கோயில் கொடை விழாவுக்கு ஊருக்கு வரும்போது கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.