ரெவனியூ ஷெயரிங்: பகிர்வா, பங்கா?

"மாமா, ரெவனியூ ஷெயரிங் எண்டு போட்டிருக்கு. தமிழில என்னண்டு எழுதுற?"

போன கிழமை மருமகன் கேட்டான். விளையாட்டுச் செய்தி எழுதுகிற பிள்ளை. அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடும் கிரீன் பே பெக்கர்ஸ் அணியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். லீக்குக்கு வரும் பணத்தை அணிகளுக்குள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். 'வருவாய்ப் பகிர்வு' என்று தானே ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். போட்டது அவனுக்கே பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

வருவாயில் குற்றம் இல்லை. 'ரெவனியூ' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்; 'திரும்பி வந்தது' என்பதே அதன் அடிப்பொருள். நிலத்தில் போட்டது விளைச்சலாகத் திரும்பி வருவது போல. நம் வருவாயில் திரும்புதல் இல்லை. வரு, வாய் என்று பிரித்தால், வரும் வழி. குறள் இதையே ஆகாறு என்கிறது, செலவைப் போகாறு என்கிறது. அங்கே ஆறு என்றால் வழி. இலங்கையில் அரசாங்கம் வாங்கும்போது இதே ரெவனியூ 'இறைவரி' ஆகிவிடும், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் பலகையில் பார்க்கலாம். ஓர் அணியின் வருமானத்துக்கு அது பொருந்தாது. ஆக, வருவாய் சரி.

பகிர்வுதான் இடிக்கிறது. 'ஷெயர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் இருப்பது வெட்டுதல். தமிழில் பகு என்ற வேரிலிருந்து பகுதி, பகிர், பங்கு எல்லாம் வருகின்றன. ஒரே வேர்தான், ஆனால் பழக்கத்தில் பகிர்வும் பங்கும் வேறு வேறு திசைக்குப் போய்விட்டன. என் சோற்றுப் பார்சலை உனக்குப் பகிர்ந்தேன் என்றால், சோறு முதலில் என்னுடையது. நான் மனது வைத்தேன், நீ சாப்பிட்டாய். பங்கு அப்படியில்லை. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் குர்பானிக்கு ஒரு மாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் அதை ஏழு பங்கு என்பார்கள். பகிர்வு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாடு ஏழு பேருக்கும் உரியது, ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதில்லை.

கல்லடிக் கடற்கரையில் விடியப்புறம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். இரண்டு பக்கமும் கயிறு இழுபட்டு, வலையின் மடி மணலில் ஏறும்வரை மீன் யாருடையது என்ற பேச்சே இல்லை. ஏறியபிறகு விலை பேசி, செலவைக் கழித்து, வலைக்கு இவ்வளவு, இழுத்த ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். இடையில் கயிற்றைப் பிடித்த பொடியனுக்குக் கறிக்கு நாலு கீரிமீன். அந்த நாலு மீனை வேண்டுமானால் பகிர்வு என்று சொல்லலாம்.

பெக்கர்ஸின் காசு இதில் எந்த வகை?

கிரீன் பே விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள ஊர். சனத்தொகை ஒரு இலட்சத்துச் சொச்சம், நம் மட்டக்களப்பு நகரத்தோடு வைத்துப் பார்க்கக்கூடிய அளவு. அணி தொடங்கியது 1919இல். 1923 முதல் ஊர்ச்சனங்கள் பங்கு வாங்கி நடத்துகிறார்கள். அந்தப் பங்குக்கு இலாபம் ஒரு சதமும் கிடையாது. நம் ஊர்க் கழக அங்கத்துவம் மாதிரித்தான். (அவர்கள் ஆடுவது நாம் சொல்லும் உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.) அவர்கள் ஆடும் என்எஃப்எல் என்ற அதே லீக்கில் பெருநகரமான நியூயோர்க்கின் அணியும் இருக்கிறது.

1961க்கு முன் அணிகள் தங்கள் தங்கள் ஆட்டத்தைத் தனித்தனியே தொலைக்காட்சிக்கு விற்றன. நியூயோர்க்குக்குக் கொழுத்த விலை, கிரீன் பேக்குச் சில்லறை. லீக்கின் ஆணையாளர் பீட் ரொசெல், எல்லா ஆட்டங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்போம் என்றார். அணிகள் கூடிச் சேர்ந்து விற்பது போட்டிச் சந்தைச் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி வழிவிட்டது. 1962இல் சிபிஎஸ் நிறுவனம் ஆண்டுக்கு 46 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்தது. அப்போது 14 அணிகள், எல்லாவற்றுக்கும் சமபங்கு. நியூயோர்க் ஜயன்ட்ஸை வைத்திருந்த மாரா குடும்பம் இதற்குத் தலையாட்டியதுதான் முக்கியம், அதிகம் இழக்கப்போனவர்கள் அவர்கள்.

கவனித்தால், நியூயோர்க்காரர் தம் பையில் இருந்ததை எடுத்துக் கொடுக்கவில்லை. விற்றது லீக், பணம் வந்ததும் லீக்குக்கே. மடி கரையேறிய பிறகுதான் பிரிக்கிறார்கள். ஆகவே இது பங்கு. 'பொதுப்பங்கு' என்று எழுது என்றேன். இன்று 32 அணிகள். ஊர்ச்சொத்தாக இருப்பதால் பெக்கர்ஸ் மட்டும் ஆண்டுதோறும் கணக்கை வெளியில் வைக்கிறது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் லீக்கிலிருந்து வந்த சமபங்கு 43 கோடியே 26 இலட்சம் டொலர். மொத்த வருவாய் ஏறக்குறைய 72 கோடி. நூற்றுக்கு அறுபது, மைதானத்தின் படலையைத் திறக்கு முன்பே வந்துவிடுகிறது.

படலை என்றதும் அடுத்த சொல். 'கேட்' என்று விளையாட்டில் சொல்வது டிக்கட் வசூலை. 'நுழைவுக் கட்டணம்' என்றால் ஒரு ஆள் கொடுக்கும் காசு, மொத்த வசூல் ஆகாது. 'படலைக் காசு' என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்கும். பெக்கர்ஸ் ஆடும் லீக்கில் இதில் 66 வீதம் சொந்த மைதானத்து அணிக்கு. மிச்சம் 34 வீதம் முன்பு வந்தாடும் அணிக்குப் போனது. 2002 முதல் பொதுப்பெட்டியில் விழுந்து 32ஆகப் பிரிகிறது. பழைய முறைக்கு வயற்காரர் சொல் ஒன்று கச்சிதமாக இருக்கிறது: வாரம். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைந்ததில் இருவருக்கும் வீதம். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூடை. வாரம் அப்படியல்ல, விளைச்சலோடு ஏறி இறங்கும். இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக்கிலும் வந்தாடும் கழகத்துக்கு இப்படியொரு வாரப்பங்கு இருந்தது, 1983இல் நிறுத்திவிட்டார்கள். பெரிய மைதானம் வைத்திருந்தவர்களுக்கு அன்றிலிருந்து வெள்ளிதிசை.

ஆடம்பர அறை வாடகை, உள்ளூர் விளம்பரம் இரண்டும் பங்குக்கு வராது. சின்ன ஊர் அணி பின்தங்குவது இங்கேதான்.

சின்ன ஊர் என்று நான் எழுதுவதை மருமகன் 'சிறு சந்தை அணி' என்று எழுதியிருந்தான். வாசித்ததும் எனக்குத் தோன்றியது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் கத்தரிக்காய்க் கூறும். அங்கே 'மார்க்கட்' என்றால் கடைத்தெரு இல்லை, ஓர் அணியைச் சுற்றி எத்தனை வீட்டில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்ற கணக்கு. 'சிறுநகர் அணி' என்று எழுது என்றேன். நகரே பெரிதாக இருந்து பார்ப்போர் குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டான். நியாயமான கேள்வி, ஆனால் தலைப்பு அதைத் தாங்காது. பாதர் வெபர் இயேசு சபைத் துறவியாக நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்தவர், அவர் பெயரில்தான் மட்டக்களப்பில் நம் வெபர் மைதானம். அந்த நியூ ஓர்லியன்ஸ் அணியும் இந்தச் சிறுநகர்ப் பட்டியலில்தான் இருக்கிறது என்று சொன்னதும் கேள்வியை மறந்துவிட்டான்.

நம் உதைபந்தாட்டத்தில் முழுச் சமபங்கு அபூர்வம். ஸ்பெயினில் 2015 வரை கழகங்கள் தனித்தனியே விற்றன, ரியல் மட்ரிட்டும் பார்சிலோனாவும் அள்ளின. அந்த ஆண்டு வந்த அரசாணைக்குப் பிறகு முதற்பிரிவுக்குரிய பணத்தில் பாதி சமபங்கு, கால்வாசி ஆட்டமுடிவைப் பார்த்து, கால்வாசி கழகத்துக்கு இருக்கும் மக்கள் பிடிப்பைப் பார்த்து. முப்பதாயிரம் பேர்கூட இல்லாத எய்பர் என்ற ஊரின் கழகம் 2014 முதல் 2021 வரை முதற்பிரிவில் நின்றது என்றால் இந்தப் பாதியும் ஒரு காரணம்.

எங்களுக்கு நேரே தொடர்புள்ள ஒரு பங்கும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் காசுக்கு வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 வீதத்தை, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரைப் பழக்கிய கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபீஃபாவின் விதி. ஆங்கிலத்தில் அதன் பெயரில் 'சொலிடாரிட்டி' வருகிறது. ஒருமைப்பாடு என்று பெயர்த்தால் மேடைப் பேச்சாகிவிடும். 'வளர்த்த பங்கு' என்பது என் யோசனை. கேட்டு வாங்கப் பதிவு வேண்டும்: எந்தப் பிள்ளை எந்த ஆண்டு எந்தக் கழகத்தில் ஆடினான் என்று. எங்கள் பக்கத்துக் கழகம் ஒன்றின் பெயர்ப் பதிவுக் கொப்பி, வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போய், செயலாளர் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மருமகன் கட்டுரையில் 'பொதுப்பங்கு' என்றே எழுதி அனுப்பினான். வெளிவந்தபோது 'வருவாய்ப் பகிர்வு' ஆகியிருந்தது. 'படலைக் காசு' மட்டும் தப்பிவிட்டது, அச்சுப் பிழையோடு: 'பாடலைக் காசு'.