பழைய மோட்டாரில் கடைசல்: மரம் ஏன் கழன்று பறக்கிறது?

பழைய பம்புசெட் மோட்டார் ஒன்றைப் பலகையில் முடுக்கி, அதன் ஷாஃப்டில் ஒரு தட்டை மாட்டி, தட்டில் மரக்கட்டையைத் திருகிவிட்டால் கடைசல் இயந்திரம் தயார் என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். கட்டை சுற்றுகிறது, உளி படுகிறது, செதிள் சுருள் சுருளாக வருகிறது. பார்ப்பவருக்கும் கை பரபரக்கும். செய்வதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். நல்ல லேத்தின், அதாவது கடைசல் இயந்திரத்தின், எடையிலும் விலையிலும் பெரும்பகுதி மரத்தையும் உளியையும் அசையாமல் பிடிப்பதற்கே போகிறது. சுற்றுவது அதில் எளிய வேலை. கிடைத்ததை வைத்து ஒட்டுப்போடும்போது முதலில் காணாமல் போவது அந்தப் பிடிதான்.

வேகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்று சுற்றும். நான்கு துருவம் என்றால் 1,440. மோட்டாரின் பெயர்த்தகட்டிலேயே இது அச்சிட்டிருக்கும். 20 செ.மீ. விட்டமுள்ள கிண்ணக் கட்டையை 2,880-இல் சுற்றவிட்டால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 108 கி.மீ. வேகத்தில் ஓடும். கிண்ணம் கடைபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் நிற்க வேண்டும். நம்முடைய கட்டை 8 அங்குலம். அதற்கு 750-லிருந்து 1,100 வரை போதும். பம்புசெட் மோட்டார் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் ஓடுகிறது.

விளிம்பு வேகத்தைவிடப் பெரிய ஆபத்து சமநிலை. கோடரியால் கொத்தி எடுத்த கட்டை ஒருபோதும் சரியான வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் கணு. 2 கிலோ கட்டையின் எடைமையம் சுழலும் அச்சிலிருந்து வெறும் 1 செ.மீ. விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 சுற்றில் அது அச்சைப் பக்கவாட்டில் 8 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். தாங்கிக்கொள்ளலாம். 2,880-இல் அதே கட்டை 185 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். வேகம் 4.8 மடங்கு கூடினால் விசை அதன் வர்க்கமாக, அதாவது 23 மடங்காக ஏறுகிறது. அந்த இழுப்பின் திசையும் ஒரே பக்கம் நிற்காமல் நொடிக்கு 48 தடவை சுழன்று சுழன்று வருகிறது. கட்டையைப் பிடித்திருப்பதோ நாலு சிறிய திருகாணிகள். அவை மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், அதாவது நார்முனைகளுக்குள், ஏறியிருந்தால் பிடிமானம் இன்னும் குறைவு. கட்டை கழன்று பறக்க இதற்கு மேல் தேவைப்படுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல்தான்.

மிக்சி மோட்டாரும் பழைய வாஷிங் மெஷின்களின் கார்பன் பிரஷ் மோட்டாரும் வேறு வகை. சுமை குறையக் குறைய அவற்றின் வேகம் ஏறும். உளியை எடுத்ததும் கட்டை இன்னும் வேகம் பிடிக்கிறது என்றால், நீங்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் அது மிக ஆபத்தாக இருக்கிறது.

டிரில் மெஷினில் கட்டையை மாட்டுவது பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். டிரில்லின் சக், அதாவது துளையிடும் பிட்டைக் கவ்வும் பகுதி, நேராக அழுத்தும் வேலைக்குச் செய்தது. பக்கவாட்டில் இடைவிடாமல் தட்டினால் அது தளரும். மேசை டிரில்களில் பலவற்றில் சக் கூம்பு வடிவ ஷாஃப்டின் உராய்வில் மட்டும்தான் நிற்கிறது. கீழ்நோக்கிய அழுத்தம் இல்லாமல் பக்கவாட்டு அதிர்வு மட்டும் கிடைத்தால் சக் முழுசாகவே கழன்று விழலாம். கைடிரில்லில் ஸ்விட்சை லாக் செய்துவிட்டு வேலை பார்ப்பது இன்னொரு வம்பு. கோளாறு வரும் நொடியில் அணைக்க வேண்டிய பட்டன் சுற்றும் கட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம் உளி. கடைசலில் கை உடைவதும் முகம் கிழிவதும் பெரும்பாலும் உளி ‘கடித்துக்கொள்ளும்’போது நடக்கிறது. சரியாகக் கடையும்போது உளியின் சரிவான முதுகு மரத்தில் உரசிக்கொண்டே போகும். கூர் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அந்த முதுகுதான் கட்டுப்படுத்துகிறது. முதுகின் தாங்கல் இல்லாமல் கூர் மட்டும் பட்டால் மரம் அதை உள்ளே இழுக்கும். ஆழம் கூடினால் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் ஆழம் இன்னும் கூடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கைபலம் எதற்கும் உதவாது. உதவுவது உளி சாய்ந்திருக்கும் தாங்கிதான்.

தாங்கியிலிருந்து உளிமுனை 2 செ.மீ. நீண்டு, கை 30 செ.மீ. பின்னால் இருந்தால், முனையில் விழும் விசையில் பதினைந்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும். முனை 10 செ.மீ. நீண்டால் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும், முன்னதைப்போல் ஐந்து மடங்கு. தாங்கி என்று ஒரு செங்கல்லையோ ஆடும் மரத்துண்டையோ வைத்துக் கடைபவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. உளிக்குப் பதில் பழைய அரத்தைத் தீட்டிப் பயன்படுத்துவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அரத்தின் எஃகு மிகக் கடினமானது, அதனாலேயே நொறுங்கக்கூடியது. கடித்துக்கொண்டால் வளையாது, ஒடிந்து பறக்கும்.

உலோகம் அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடிக்கும் சின்ன ஆங்கிள் கிரைண்டரில் பாதுகாப்பு மூடியைக் (கார்டு) கழற்றி, பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடை மாட்டிக் கிண்ணம் குடைவதும் இதே கதைதான். 4 அங்குல பிளேடு 11,000 சுற்றில் ஓடும்போது பல்லின் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். ஒரு பல் மாட்டினால் பிளேடு நின்று, கிரைண்டர் உங்கள் பக்கம் திரும்பும்.

கையால் செய்த கடைசல் எல்லாமே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஹை வைகோம் பக்கத்துக் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்தவர்கள், ஒரு மரக்கிளையின் வளைவையும் ஒரு கயிற்றையும் மிதிபலகையையும் வைத்தே 20-ஆம் நூற்றாண்டு வரை பிழைத்தார்கள். நம் பக்கத்திலும் கயிற்றை இழுத்துச் சுற்றும் கடைசல் இருந்தது. அவற்றில் கட்டை இரண்டு முனைகளுக்கு நடுவே இறுக்கமாக நிற்கும். அதை ஓட்டுவது மனிதத் தசை. காலை எடுத்தால் அடுத்த நொடி நின்றுவிடும். கிளையும் கயிறும்தான் என்றாலும் பிடியில் அவர்கள் குறை வைக்கவில்லை.

ஆகவே சொந்தமாகச் செய்துதான் ஆக வேண்டும் என்றால், பெல்ட்டும் கப்பியும் போட்டு வேகத்தைக் குறையுங்கள். எதிர்முனையிலிருந்தும் கட்டையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் கட்டாயம் வேண்டும். ஸ்விட்ச் கட்டை பறக்கும் கோட்டுக்கு வெளியே, எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மோட்டாரைப் போடுவதற்கு முன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, தாங்கியில் இடிக்கிறதா என்று பாருங்கள். கையுறையும் தொங்கும் துண்டும் வேண்டாம். நார் ஒன்று சிக்கினால் விரலும் கூடவே போகும். கண்ணாடி மட்டும் போட்டால் தாடை தப்பாது, முழு முகமும் மறைக்கும் பாலிகார்பனேட் ஷீல்டு வேண்டும். தூசிக்கு நல்ல முகமூடி தனியாக. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. ஸ்விட்சைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் விலகி நின்று, அது முழு வேகம் பிடித்து அதிராமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே உளியை எடுங்கள். அதிர்ந்தால் அணைத்துவிட்டு, கனத்த பக்கத்தைக் கோடரியால் இன்னும் கொஞ்சம் கொத்தி எடுத்து மறுபடி மாட்டுங்கள்.