டர்போ மேல் பழி போடும் முன்

செங்கோட்டையைக் கடந்து, புளியரைக்கு மேலே எஸ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் போன லாரிக்காக வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தேன். எங்கள் பழைய டீசல் கார் யோசித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் பாய்ந்தது. இந்தத் தயக்கம் வாங்கிய நாள் முதல் உள்ளதுதான். ஆனால் அப்போது ஒரு நொடி, இப்போது மூன்று.

திருநெல்வேலியில் காட்டியதும், "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகைக்கு ஒரு நல்ல பழைய பைக்கே வாங்கலாம்.

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளிலும் கோத்த இரண்டு சிறு சக்கரங்கள். என்ஜின் கக்கும் சூடான புகை ஒன்றைச் சுழற்றுகிறது. மற்றது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. வீணாகும் புகையிடமே வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் புய்ஷி 1905-ல் காப்புரிமை பெற்றார். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். காற்று கூடினால்தான் டீசலைக் கூட்டமுடியும், இழுவையும் கூடும். சிறிய கார்களின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டும்.

சிக்கலும் இங்கேதான். டர்போ சுழலப் புகை வேண்டும். புகைக்கு டீசல் எரியவேண்டும். டீசல் எரியக் காற்று வேண்டும். காற்றுக்கு டர்போ சுழலவேண்டும். மரம் முந்தியா, விதை முந்தியா கதைதான். இந்த வட்டம் சூடுபிடிக்க ஆகும் நேரத்தைத்தான் டர்போ தாமதம் என்கிறோம்.

இதோடு இன்னொன்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். இளங்காற்றில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இறக்கை அசையாது. அது தாமதம் அல்ல, காற்றே போதவில்லை. ஆடி மாதக் காற்று வீசத் தொடங்கியதும் இறக்கை வேகம் பிடிக்கச் சற்று நேரம் ஆகிறதே, அதுதான் தாமதம். நான்காவது கியரில், என்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்று மட்டுமே சுற்றும்போது காரை முனகவிட்டு, டர்போ மந்தம் என்று திட்டுவது முதல் வகை. கியரைக் குறைத்தால் தீர்ந்தது.

மேலப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "அண்ணாச்சி, நாற்கரச் சாலையில் மூவாயிரம் சுற்றுக்கு மேலே எப்படி இழுக்கிறது?"

"அங்கே பழையபடிதான்."

"அப்படியென்றால் டர்போ உயிரோடு இருக்கிறது."

என் காரின் டர்போவில் புகைச் சக்கரத்தைச் சுற்றித் திருகக்கூடிய இதழ்கள் உண்டு. செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயை விரலால் பாதி மூடினால் நீர் பீய்ச்சி அடிக்கும் அல்லவா? அதே கணக்கு. புகை குறைவான வேளையில் இதழ்கள் நெருங்கி அதை வேகமாகப் பாய்ச்சும். புகை பெருகியதும் விலகி வழிவிடும். இதழ்களை நெருக்குவது ஒரு வெற்றிடக் குப்பி; உள்ளே உள்ள காற்றை உறிஞ்சினால் அதன் கம்பி இழுபடும். உறிஞ்சுவதற்காக அதற்குப் பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய் போகிறது. அது கசிந்தால் இதழ்கள் விரிந்தே கிடக்கும். குறைந்த சுற்றில் கார் தூங்கும். அதிகச் சுற்றில் புகை ஏராளம் என்பதால் குறை தெரியாது. என் காரின் அறிகுறி அட்சரம் பிசகாமல் இதுதான்.

பிறகுதான் பானெட்டைத் திறந்தார். என்ஜினை நான் ஸ்டார்ட் செய்ய, அவர் டர்போ பக்கம் டார்ச் அடித்தார். குப்பியின் கம்பி ஸ்டார்ட் ஆனதும் இழுபட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அது அசையவே இல்லை. கைப்பம்பை நேராகக் குப்பியில் மாட்டி உறிஞ்சினார்; கம்பி வழுக்கிக்கொண்டு ஏறியது. இதழ்களில் கரி பிடித்து இறுகியிருந்தால் இப்படி ஏறாது. ஆக, பழி குழாய் மேல். குழாய் வளையும் இடத்தில் என்ஜின் சூட்டில் வறண்டு வெடித்திருந்தது.

எல்லாக் காருக்கும் இதே பதில் என்று சொல்லமாட்டேன். மிதிக்கும்போது "புஸ்" சத்தமும் கரும்புகையும் வந்து, எல்லாச் சுற்றிலும் இழுவை குறைந்தால் டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைத் தடவிப் பார்க்கவேண்டும். எண்ணெய் ஈரம் கசிந்த இடத்தில் பெரும்பாலும் கிழிசல் இருக்கும். சத்தமே இல்லாமல் கரும்புகை மட்டும் என்றால், புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தே நிற்கலாம். ஏர் ஃபில்டரைப் பார்ப்பது காசில்லாத சோதனை. செம்மண் பாதையில் ஓடும் காருக்கு அதைத்தான் முதலில் செய்யவேண்டும். நீலப்புகையும், ஆம்புலன்ஸ்போல் ஊளையிடும் சத்தமும், தண்டில் ஆட்டமும் சேர்ந்திருந்தால்தான் டர்போவைக் கழற்றும் பேச்சு.

குழாயின் விலை, நாங்கள் குடித்த டீயையும் வடையையும்விடக் கொஞ்சம்தான் அதிகம். அடுத்த வாரம் அதே எஸ் வளைவில், வேண்டுமென்றே ஒரு லாரிக்குப் பின்னால் வேகம் குறைத்து, மிதித்து, எண்ணினேன். ஒன்று.

அந்த ஒரு நொடி பிறவிக் குணம். அதை யாராலும் கழற்ற முடியாது.